முதல்ல எந்த செட் வாங்கலாம், சார்?



மொட்டை மாடியில் நான் கட்டியிருக்கும் கம்பியைப் போன வாரம் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "துணி காயப்போடவா வாத்தியாரே?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். இரண்டு பேர் மட்டும் போன் போட்டு விஷயத்துக்கு வந்தார்கள். இருவரும் கேட்டது ஒரே கேள்வி. ஹாம் ரேடியோ ஆரம்பிக்க வேண்டும், முதலில் எந்த செட் வாங்கலாம்?

ஒருவர் என்னோடு வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். போன வருடம் அவர் வீட்டம்மாவும் தவறிவிட்டார். பணத்துக்குக் குறைவில்லை. "லட்ச ரூபாயானாலும் பரவாயில்லை வாத்தியாரே, நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

இன்னொருவர் என்னிடம் படித்த மாணவர். ராசிபுரம் பக்கம் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். கேட்டது மகளுக்காக. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், போன மாதம்தான் பன்னிரண்டு வயது முடிந்தது. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு ரேடியோவில் பேசலாம் என்று எங்கேயோ பார்த்துவிட்டு அப்பாவைப் பிடுங்கி எடுக்கிறாளாம். "எட்டாயிரம் ரூபாய் சேத்து வச்சிருக்கேன் சார். அதுக்குள்ள ஒரு செட்டு சொல்லுங்க" என்றார்.

இருவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். வேறு யாருக்காவதும் பயன்படலாம்.

ஹாம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நான்கு வரி. அரசிடம் தேர்வு எழுதி, உரிமமும் அழைப்புக் குறியும் வாங்கி, சொந்தச் செலவில் நிலையம் அமைத்து, உலகத்தில் உள்ள மற்ற உரிமதாரர்களோடு பேசுவது. வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. பொழுதுபோக்குதான். ஆனால் 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசியெல்லாம் செத்துப்போனபோது, அந்தமானில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை வெளியுலகத்துக்குக் கொண்டு சேர்த்ததில் அந்தக் குழுவின் செட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பொழுதுபோக்காகப் பழகியது ஆபத்துக்கு உதவியது.

இப்போது கேள்விக்கு வருவோம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு யாருடைய குரல் கேட்க வேண்டும்? அதைச் சொல்லாமல் செட் கேட்பது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லாமல் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கேட்பது மாதிரி.

தலைமையாசிரியர் நண்பருக்கு வேண்டியது பேச்சுத்துணை. காலையில் எழுந்தால் நாலு பேர் தமிழில் "வணக்கம் சார், எப்படி இருக்கீங்க" என்று கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஆகாயம். இருவருக்கும் ஒரே செட் பொருந்தாது. பொருந்தாத செட்டை வாங்கினால் என்ன ஆகும்? பொத்தானை அழுத்திப் பேசுவார்கள், பதில் வராது. பத்து நாள் பேசிப் பார்ப்பார்கள். அப்புறம் அது பரணுக்குப் போகும். புதிதாக வருகிறவர்கள் விலகிப்போவது பாடம் கஷ்டமாக இருப்பதால் என்று சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அந்த நிசப்தம்தான் காரணம்.

வாங்கும் முன் சட்டம். நம் நாட்டில் ஒலிபரப்பும் செட் எதையும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குச் சீனக் கைச்செட் கிடைக்கிறது, பொம்மை மாதிரிதான் இருக்கும். பாவோஃபெங் யு.வி-5ஆர் என்பது அவற்றில் பெயர் பெற்றது. அது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். அதில் நமக்கு, அதாவது இந்திய ஹாம்களுக்கு, ஒதுக்கியது 144 முதல் 146 வரைதான். முப்பத்தெட்டில் இரண்டு. மேலே 400 முதல் 520 வரையும் பேசும், அதில் நம்முடையது 434 முதல் 438. நூற்றிருபதில் நான்கு. மற்ற இடமெல்லாம் காவல்துறை, கப்பல், தனியார் நிறுவனம் என்று வேறு ஆட்களுடையது. தெரியாமல் ஒரு பொத்தானை மாற்றி அழுத்தினால் நாம் நிற்பது அடுத்தவர் வீட்டு நடுக்கூடத்தில். ஆகவே மாணவரே, பேசும் பொத்தான் உள்ள எதையும் உரிமம் கைக்கு வரும்வரை வாங்க வேண்டாம். சுங்கச்சாவடியிலோ சோதனைச்சாவடியிலோ அந்தப் பெட்டியோடு பிடிபட்டால், "பிள்ளை ஆசைப்பட்டுச்சு சார்" என்ற பதில் எடுபடாது.

உரிமத்துக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியிருந்தால் போதும். மத்தியத் தகவல் தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு தரம் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட தரத்துக்கு மோர்ஸ் தந்தி வேண்டாம். பொதுத் தரத்துக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் வர வேண்டும். கேள்விகள் வானொலிக் கோட்பாட்டிலும் விதிகளிலும் இருந்து வரும். ஓம் விதி, மின்தேக்கி, அலைநீளம் எல்லாம் நாம் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் சொல்லிக் கொடுப்பதுதான். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த நான், ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்துத் தேறியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு கோடை விடுமுறை போதும்.

தேர்வு எழுதி, உரிமம் வீடு வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மாதங்கள்தான் பொன்னான காலம். அப்போது செய்ய வேண்டிய வேலை கேட்பது.

நம் தலைமுறைக்குக் கேட்பது புதிதில்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைச் சிற்றலையில் திருகித் திருகிப் பிடித்தவர்கள்தானே நாம். ஆனால் அந்தப் பழைய பெட்டியில் ஹாம்களின் பேச்சு புரியாது. வாத்து கத்துவது போல இருக்கும். அவர்கள் சிற்றலையில் பேசுவது எஸ்.எஸ்.பி. என்ற ஒற்றைப் பக்கப்பட்டை முறையில். எஸ்.எஸ்.பி. வசதி உள்ள ரிசீவரில்தான் அது மனிதக் குரலாக மாறும். டெக்சன் பி.எல்-330 போன்ற சிறிய பெட்டிகளில் இந்த வசதி உண்டு. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காசே செலவழிக்காமலும் கேட்கலாம். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். கைப்பேசியிலேயே அதைத் திருப்பிக் கேட்கலாம். ஐரோப்பாவின் காதால் கேட்கிறோம், அவ்வளவுதான். அழைப்புக் குறிகளை எப்படிச் சொல்கிறார்கள், எப்போது பேச்சை விட்டுக் கொடுக்கிறார்கள் என்ற பழக்கம் அதிலேயே வந்துவிடும். நம் நாட்டுக் குறிகள் வி.யு. என்று தொடங்கும். புதியவர்கள் பெரும்பாலும் வி.யு.3.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்வது ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர். என்ற சின்ன டாங்கிள். பென்டிரைவ் அளவுதான். பழைய மடிக்கணினியில் செருகலாம், ஓ.டி.ஜி. கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் செருகலாம். சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700க்கு மேல் வரை கேட்கும். பேசும் பொத்தானே கிடையாது. அலைகள் திரையில் நீர்வீழ்ச்சி மாதிரி வழிவது கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கரும்பலகை இல்லை.

சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். ஒரு முறை கடக்கச் சுமார் பத்து நிமிடம். எப்போதும் பேச்சு இருக்காது. பள்ளிப் பிள்ளைகளோடு விண்வெளி வீரர்கள் பேசும் நாட்களும், படம் அனுப்பும் நாட்களும் உண்டு. படத்தை ஒலியாக மாற்றி அனுப்புவார்கள், ஒரு படம் வந்து முடிய இரண்டு நிமிடம். கீச்சுக் கீச்சென்ற அந்தச் சத்தத்தைக் கைப்பேசிச் செயலி வரி வரியாகப் படமாக மாற்றும். நானூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் படம் ராசிபுரம் பட்டறைக்குள் விழும். மாணவரே, உங்கள் மகள் கேட்டது இதைத்தான்.

அதற்கு ஆண்டெனா வேண்டுமே என்பீர்கள். அதைக் கடையில் வாங்க வேண்டாம், கணக்குப் போட்டுச் செய்யலாம். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 300 வகுத்தல் 145, சுமார் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 52 சென்டிமீட்டர். கம்பியில் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டும், 49 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த செம்புக் கம்பி அல்லது பித்தளைக் கம்பி ஒன்று நேராக மேலே. நான்கு கம்பிகள் கீழ்நோக்கிச் சாய்வாக, குடைக் கம்பி போல. நடுவில் ஓர் எஸ்.ஓ-239 கனெக்டர். பட்டறைக்காரருக்கு இது அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு ஏன் படிக்கிறோம் என்பதற்குப் பதிலும் கிடைத்துவிடும்.

ஆண்டெனாவைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் வரை எட்டும் என்று வரும். கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரம், எட்டுவது ஐந்து கிலோமீட்டர். இரண்டு பேரும் கையில் பிடித்திருந்தால் சமவெளியில் பத்து. நடுவில் வீடும் தோப்பும் இருந்தால் அதிலும் பாதி. அதே ஆண்டெனாவை ஒன்பது மீட்டர் உயரத்தில் மாடியில் வைத்தால் உங்கள் பக்கம் மட்டும் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏற்காடு மாதிரி, சுற்றியுள்ள தரையைவிட 1,200 மீட்டர் உயர்ந்த மலையில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் அது எட்டுவது 140 கிலோமீட்டருக்கு மேல். விலை உயர்ந்த கைச்செட் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் கைச்செட் வாங்கும் முன் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான். நம் ஊருக்கு எட்டும் ரிப்பீட்டர் இருக்கிறதா, பத்து கிலோமீட்டருக்குள் இன்னொரு ஹாம் இருக்கிறாரா? இருந்தால் முதல் செட் அதுவே ஆகலாம், செலவும் குறைவு. இல்லையென்றால் அது விலை குறைந்த நிசப்தம்.

தலைமையாசிரியர் நண்பரே, உங்கள் கிராமத்தில் விசாரித்துவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. உங்களுக்கு வழி 7 மெகாஹெர்ட்ஸ், ஹாம்கள் நாற்பது மீட்டர் என்று சொல்லும் பட்டை. இந்த அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். காலை வெயில் ஏறிய பிறகு நம் மாநிலத்துக்குள்ளும் கேரளம், கர்நாடகம் வரையிலும் நன்றாகப் பேசலாம். நடுப்பகலில் கொஞ்சம் மங்கும். இருட்டிய பிறகு அருகில் உள்ளவர்கள் மறைந்து தூரத்து ஆட்கள் வருவார்கள். காலை நேரத்தில் நம் ஆட்கள் கூடி நலம் விசாரித்துக்கொள்ளும் கூட்டம் இந்தப் பட்டையில்தான். உங்களுக்கு வேண்டியது அங்கே இருக்கிறது.

அதற்கான ஆண்டெனாவும் கம்பிதான். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1க்கு இருபது மீட்டர் வரும். பத்துப் பத்து மீட்டராக இரண்டாக வெட்டி, நடுவில் கோஆக்ஸ் கேபிளை இணைத்து, நடுப்பகுதியை மாடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயின் உச்சியில் தூக்கி, இரண்டு முனைகளையும் இருபுறமும் சாய்த்துக் கட்டினால் கூரை வடிவம். எட்டு ஒன்பது மீட்டர் உயரம் போதும். இந்தப் பட்டையில் கம்பி தாழ்வாக இருந்தால் அலை செங்குத்தாக மேலே போய் அருகிலேயே இறங்கும், மாநிலத்துக்குள் பேச அதுதான் வேண்டும். வீட்டு வயரிங் கம்பியே போதும். நான் படம் போட்ட "துணிக்கயிறு" இதுதான். கேபிளோடு சேர்த்து எனக்கு ஆன செலவு இரண்டாயிரத்துக்குள்.

மூன்று எச்சரிக்கை. மின்வாரியக் கம்பிக்குப் பக்கத்தில், அறுந்து விழுந்தால் அதன்மேல் படும் தூரத்தில், எதையும் கட்டாதீர்கள். இடி மின்னல் தெரிந்தால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஒலிபரப்பும்போது கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் அதிகம், பிள்ளைகள் கை படாத உயரத்தில் கட்டுங்கள்.

இனி செட். நூறு வாட் செட்டுகளில் ஐகாம் ஐ.சி-7300 பேர் போனது. நம் ஊரில் லட்சத்தைத் தாண்டும். அது மட்டும் போதாது, 13.8 வோல்ட்டில் இருபது ஆம்பியருக்கு மேல் தரும் பவர் சப்ளையும் வேண்டும். நூறு வாட்டால் கிடைக்கும் லாபத்தையும் கணக்குப் பாருங்கள். ஐந்து வாட்டிலிருந்து நூறு வாட் என்றால் இருபது மடங்கு. கேட்பவரின் செட்டில் உள்ள முள் நகர்வது இரண்டு கட்டத்துக்குச் சற்று மேல்தான். பணத்தை இருபது மடங்கு கொட்டினாலும் காதுக்குப் போவது அவ்வளவே. கம்பியைச் சரியாகக் கட்டினால் கிடைக்கும் பலனை வாட்டால் ஈடுகட்ட முடியாது. உங்கள் உரிமத்தின் தரத்தைப் பொறுத்து வாட் வரம்பும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, இருபது வாட் வகை. சீகு ஜி-90 போன்றவை. கம்பியின் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரிக்கட்டும் டியூனர் உள்ளேயே இருக்கும். பவர் சப்ளையும் சிறியது போதும். கேட்கும் திறன் உங்களுக்குத் தாராளம். ஆறு மாதம் அதில் பேசிவிட்டு, பிறகு பெரியது வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கைவேலையில் ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டுகள். எளிதில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்து, நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பொருளை மனதில் வைத்து வரைந்த சுற்று அது. முதல் வடிவத்தில் சுருள் சுற்றுவதற்குக் குழாய் வாஷரைப் பயன்படுத்தினார். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிறோமே, அதேதான். அந்தச் சுற்றை உலகம் முழுக்க ஹாம்கள் செய்து பார்த்தார்கள். சாலிடரிங் பழகிய பிறகு அந்தப் பெண் ஒருநாள் அதைச் செய்வாள் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியருக்கு வேண்டாம், கண் ஒத்துழைக்காது.

பழைய செட் கிடைத்தால்? வாங்கலாம். ஆனால் உரிமம் உள்ளவரிடம், அவர் வீட்டிலேயே, அவர் கம்பியிலேயே, அவர் பேசிக் காட்டிய பிறகு. கேட்பது வேலை செய்யும், பேசுவது வேலை செய்யாது என்ற செட்டுகள் நிறைய. மைக்கும் பவர் கேபிளும் சேர்த்துத் தருகிறாரா என்றும் பாருங்கள். தனியாக வாங்கப் போனால் விலை கேட்டு மயக்கம் வரும்.

எந்த செட் வாங்குவதாக இருந்தாலும், அதற்கு முன் ஒரு சோதனை. எஸ்.எஸ்.பி. உள்ள சின்ன ரிசீவரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், கைப்பேசி சார்ஜர் என்று எங்கே "கொர்ர்" என்ற இரைச்சல் ஏறுகிறது என்று குறித்து வையுங்கள். என் வீட்டில் சமையலறை விளக்கு ஒன்று ஏழு மெகாஹெர்ட்ஸையே விழுங்கிக்கொண்டிருந்தது. "விளக்கு மாத்தறதுக்கு இப்படி ஒரு காரணமா" என்று வீட்டில் சிரித்தார்கள். விளக்கை மாற்றிய அன்று மாலை, அதுவரை காதில் விழாத நாலு பேர் கேட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அறிவியல் உபகரணப் பெட்டி வரும். உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்று பயந்து பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படிப் பூட்டிய நுண்ணோக்கியை ஆண்டாய்வு அன்று மட்டும் துடைத்து மேசைமேல் வைப்போம். அந்த வருடம் பிள்ளைகள் ஒளிவிலகல் படித்தது பேனாவைப் போட்ட தண்ணீர் டம்ளரில். உடையும் என்று பயப்படாமல் தொடக்கூடியதில்தான் ஆள் கற்றுக்கொள்கிறான். முதல் செட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆக, மாணவரே, உங்கள் எட்டாயிரத்தில் ஒரு டாங்கிள், ஓ.டி.ஜி. கேபிள், கனெக்டர், கம்பி, பத்து மீட்டர் கோஆக்ஸ். மிச்சப் பணம் அப்பாவும் மகளும் தேர்வுக்குச் சென்னை போய்வரும் செலவுக்கு. நீங்களும் சேர்ந்தே எழுதிவிடுங்கள். பாடத்துக்கு நான் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தையை அழைத்து வாருங்கள். கட்டணம் கிடையாது. நோட்டு மட்டும் வேண்டும்.

தலைமையாசிரியரே, நீங்களும் அதே பத்து மணிக்கு வரலாம். எழுபது வயதை நெருங்கும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரக் கூச்சப்பட வேண்டாம். வரும்போது செட் எதுவும் வாங்கி வராதீர்கள். மாடியில் உள்ள என் கம்பியில் முதலில் கேட்போம். காலைக் கூட்டத்தில் யார் யார் எந்த ஊர் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். உரிமம் வந்து நீங்கள் முதல் முறை பொத்தானை அழுத்தும் நாளில், அந்தப் பக்கம் இருப்பவர்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

கணக்கில் எங்கேயாவது சறுக்கல் இருந்தால், விவரம் தெரிந்த நண்பர்கள் திருத்துங்கள்.

எல்லோருக்கும் 73. தந்தி காலத்திலிருந்து ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் எண் இது, "அன்பு வணக்கம்" என்று பொருள்.